பெரிய டயர் போட்ட வண்டிக்குக் காற்று எவ்வளவு? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொலேரோ, தார், ஜிம்னி, கூர்க்கா, ஸ்கார்பியோ என்று எந்த வண்டியாக இருந்தாலும் சரி, கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு ஒரு சைஸ் பெரியதாகப் போட்டதும் வரும் முதல் சந்தேகம் காற்று எவ்வளவு வைப்பது என்பதுதான். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பழைய டயருக்கானது. ஒரு பங்க்சர் கடையில் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) போதும் என்பார்கள், அடுத்த கடையில் 40 வைக்காமல் விடமாட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. எந்த டயர், எவ்வளவு எடை என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்டு வைப்பதைவிட உங்கள் வண்டிக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிப்பது நல்லது. அது அவ்வளவு கஷ்டமும் இல்லை.

பெரிய டயருக்குக் காற்று குறைவாக வைத்தால் போதும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. வண்டியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கின்றன. டயர் பெரிதானால் உள்ளே இடம் கூடுகிறது, அதனால் அதே எடையைக் கொஞ்சம் குறைந்த அழுத்தத்திலேயே தாங்கிவிடும். இதுவரை சரி.

ஆனால் பழைய டயரும் புதிய டயரும் ஒரே வகையாக இருந்தால்தான் இது பொருந்தும். கார் வகை டயரைக் கழற்றிவிட்டு எல்டி வகை, அதாவது லைட் டிரக் டயர் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். எல்டி டயர் தடித்த அடுக்குகளோடு, அதிக அழுத்தத்தில் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. கார் டயருக்கு வைத்த அழுத்தத்தையே அதற்கு வைத்தால், பார்க்கக் கம்பீரமாக நின்றாலும் எடை தாங்கும் திறன் பழைய டயரைவிடக் குறைந்துபோகும். முரட்டு டயர் தாங்கும் என்று நம்பிக் குறைவாக வைத்து ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

என் டயர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள். சைஸுக்கு முன்னாலோ பின்னாலோ எல்டி என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் அது லைட் டிரக் வகை. அதில் 104/101 என்பதுபோல இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றை டயராக ஓடும்போது, இரண்டாவது எண் பின்னால் இரட்டை டயராகப் போடும்போது. எல்டி இல்லாமல் 105 என்று ஒரே எண் இருந்தால் கார் வகை. எக்ஸ்எல் என்றோ எக்ஸ்ட்ரா லோடு என்றோ இருந்தால் அது கார் வகையிலேயே கொஞ்சம் வலுவானது.

அந்த எண்தான் லோடு இன்டெக்ஸ். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 104 என்றால் 900, 105 என்றால் 925, 109 என்றால் 1030, 112 என்றால் 1120 கிலோ. பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கானது.

முக்கியமான விஷயம், அந்த எடையை எந்த அழுத்தத்தில் தாங்கும் என்பது. சாதாரண கார் டயர் தன் முழு எடையை 35 அல்லது 36 பிஎஸ்ஐயில் தாங்கும். எக்ஸ்எல் டயருக்கு 41, 42 வேண்டும். எல்டியில் டயரின் வலுவைக் காட்டும் லோடு ரேஞ்ச் எழுத்து சி என்றால் 50, டி என்றால் 65, இ என்றால் 80.

சரி, கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு உதாரணம். வண்டியின் பழைய டயர் 215/75 ஆர்15 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்), கார் வகை, லோடு இன்டெக்ஸ் 100, ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். மாற்றிப் போடுவது 235/75 ஆர்15.

முதலில், பழைய டயர் ஸ்டிக்கர் அழுத்தத்தில் எவ்வளவு தாங்கியது என்று பாருங்கள். அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் தாங்கும் எடை சுமார் எட்டு சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால் நம் வேலைக்குப் போதும். 36-இல் 800 கிலோ என்றால் 33-இல் சுமார் 745 கிலோ. புதிய டயரும் குறைந்தது இந்த 745 கிலோவைத் தாங்க வேண்டும்.

புதியது 105 லோடு இன்டெக்ஸ் உள்ள கார் வகை என்றால் 925 கிலோவில் 745 என்பது 80 சதவீதம் சொச்சம். சுமார் 28 பிஎஸ்ஐயிலேயே அந்த எடை வந்துவிடும். அதே சைஸில் எல்டி, சி ரேஞ்ச், 104 என்றால் 50 பிஎஸ்ஐயில்தான் 900 கிலோ. 745 கிலோ தாங்க 39, 40 வரை போக வேண்டும்.

பங்க்சர் கடைகளில் 28-உம் 40-உம் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறது அல்லவா? ஒரே சைஸ், ஒரே வண்டி, டயர் வகை மட்டும் வேறு. இடையில் 12 பிஎஸ்ஐ வித்தியாசம்.

டயர் கம்பெனிகள் அழுத்தத்துக்கு எத்தனை கிலோ என்று அட்டவணை போட்டிருக்கின்றன. உங்கள் டயருக்கு அது கிடைத்தால் இந்தத் தோராயத்தை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

கார் வகை டயருக்குக் கணக்கில் 28 வந்தால் 28-ஏ வைத்துவிடலாமா?

என் கருத்தில் வேண்டாம். 28 என்பது எடை தாங்கும் கணக்கு மட்டும்தான். ஸ்டியரிங் உடனே கேட்பது, வளைவில் வண்டி சாயாமல் இருப்பது, அவசரமாக ஒதுக்கும்போது டயர் நெளியாமல் இருப்பது இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. கம்பெனிக்காரர்கள் ஸ்டிக்கர் எண்ணை வைக்கும்போது இவை எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைக்கிறார்கள். அதனால் கார் வகை டயர் என்றால் ஸ்டிக்கர் எண்ணிலிருந்தே தொடங்குங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் நடுப்பகுதி மட்டும் பதிகிறது என்று தெரிந்தால் ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். நான்கு வழிச்சாலையில் ஓடும் வண்டியை அதற்கு மேல் குறைக்க நான் சொல்லமாட்டேன். எல்டி என்றால் கணக்கில் வரும் பெரிய எண்தான் தொடக்கம்.

பக்கச் சுவரில் மேக்ஸ் 50 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறதே, அதை வைத்தால் என்ன?

அது அந்த டயருக்கான உச்ச எடையோடு சேர்த்துப் போட்ட எண். உங்கள் வண்டி அந்த எடையில் இருக்காது. காலி வண்டிக்கு 50 வைத்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஒவ்வொரு பள்ளமும் முதுகில் விழும்.

சாக்பீஸ் சோதனை என்றால் என்ன, எப்படிச் செய்வது?

டயர் முழு அகலமும் தரையில் சமமாகப் படிகிறதா என்று கண்ணால் பார்க்கும் வழி இது. செலவு ஒரு சாக்பீஸ்தான்.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே நான்கு டயரிலும் தொடக்க அழுத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ அந்த அளவு எடை வண்டியில் இருக்கட்டும். டயரின் பட்டன் பகுதியில், அதாவது தரையைத் தொடும் பகுதியில், ஒரு தோளிலிருந்து (ஓரத்திலிருந்து) மறு தோள் வரை, ஒரு கை அகலத்துக்குத் தடித்த கோடாகச் சாக்பீஸால் தேயுங்கள். காய்ந்த, சமமான தார் ரோட்டில் நேராக ஐம்பது, அறுபது அடி மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். வளைக்கக் கூடாது, சடாரென்று பிரேக்கும் போடக் கூடாது.

இறங்கிக் குனிந்து பாருங்கள். நடுவில் அழிந்து இரண்டு ஓரத்திலும் வெள்ளை அப்படியே இருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் வெள்ளை நின்றால் குறைவு. ஒரே பக்க ஓரம் மட்டும் அழிந்தால் அது காற்றுப் பிரச்சினை இல்லை, வீல் அலைன்மென்ட் பாருங்கள். முழு அகலமும் ஏறக்குறைய ஒரே மாதிரி அழிந்தால் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாக மாற்றி, மறுபடி தேய்த்து ஓட்டிப் பாருங்கள். முன் டயரையும் பின் டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். என்ஜின் முன்னால் இருப்பதால் இரண்டும் ஒரே எண்ணில் வர வேண்டும் என்பதில்லை.

எம்டி, அதாவது சேற்றுப் பாதைக்கான மட் டெரைன் டயரில் பட்டன்கள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருப்பதால் ஓரப் பட்டன்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு வரிசையாகப் பாருங்கள். எல்டி டயரின் சுவர் விறைப்பாக இருக்கும். காற்று குறைவாக இருந்தாலும் சாக்பீஸ் சமமாக அழிந்து உங்களை ஏமாற்றிவிடும். அதனால் எல்டிக்கு எடைக் கணக்கில் வந்த எண்ணுக்குக் கீழே சாக்பீஸை நம்பி இறங்காதீர்கள்.

ஓட்டிப் பார்த்து உறுதி செய்ய வழி உண்டா?

உண்டு, அதுதான் கடைசி சோதனை. குளிர்ந்த டயரில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் வழக்கமான வேகத்தில் அரை மணிக்கு மேல் சீராக ஓட்டுங்கள். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை நான்கு வழிச்சாலையில் போனால் இதற்குச் சரியாக இருக்கும். நிறுத்தியவுடன், டயர் ஆறுவதற்குள் மறுபடி அளந்து பாருங்கள்.

சுமார் 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் நல்லது. எல்டி டயரில், லோடோடு, 5 அல்லது 6 ஏறினாலும் கவலை இல்லை. அதைவிட அதிகம் ஏறினால் டயர் அளவுக்கு மீறி நெளிந்து சூடாகிறது என்று பொருள். காற்றை இறக்கக் கூடாது. மறுநாள் காலையில் குளிர்ந்த அழுத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டுதான் ஏறியது என்றால் தொடக்கமே அதிகம். மே மாத மதியத்தில் செய்தால் தார் ரோட்டின் சூடும் சேர்ந்துகொள்ளும். காலை ஏழு, எட்டு மணிக்குள் செய்துவிடுங்கள்.

காற்று எப்போது பார்க்க வேண்டும்? மதியம் பெட்ரோல் பங்க்கில் பார்த்தால் அதிகம் காட்டுகிறதே?

வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். எல்லா எண்களும் குளிர்ந்த டயருக்கே. மதியம் சூடான டயரில் 38 காட்டுகிறது என்று 33-க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் 28, 29-இல் நிற்கும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஒன்றரையிலிருந்து இரண்டு பிஎஸ்ஐ மாறும். ஏப்ரலில் தருமபுரியில் வைத்த காற்று, மார்கழியில் ஓசூர் பக்கத்துக் குளிரில் விடியற்காலை பார்த்தால் நான்கு வரைகூடக் குறைந்திருக்கும், ஓட்டை எதுவும் இல்லாமலே. கோடை முடிந்ததும் ஒருமுறை, குளிர் தொடங்கியதும் ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள்.

பங்க்கில் உள்ள கேஜ் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். அது காட்டும் எண் ஒன்றிரண்டு தள்ளியிருந்தாலும், எப்போதும் அதே கேஜில் பார்த்தால் ஒப்பிட முடியும்.

மாம்பழ சீசனில் பிக்கப்பில் லோடு ஏற்றுகிறோம். ஒரே காற்றை எப்போதும் வைக்கலாமா?

கூடாது. காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் கூழ் ஆலைக்கு மாங்காய் ஏற்றும்போதும், ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றும்போதும் கூடுகிற எடையில் பெரும்பகுதி பின் ஆக்சிலில்தான் விழுகிறது. முன்னால் அவ்வளவு மாறாது.

நம் மாவட்டங்களில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. காலி வண்டியோடு ஒருமுறை, லோடோடு ஒருமுறை போய் எடை போடுங்கள். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டிக்கும் ஒரு சீட்டு. இரண்டையும் கழித்தால் பின் ஆக்சில் எடை கிடைக்கும். அதைப் பாதியாக்கினால் ஒரு டயர் சுமக்கும் எடை. லோடு ஒரு பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டு, மேலே சொன்ன கணக்கில் அல்லது டயர் கம்பெனி அட்டவணையில் அந்த எடைக்கு எந்த அழுத்தம் என்று பாருங்கள்.

காலியாகத் திரும்பும்போதும் அதே காற்றோடு வந்தால் பின்பக்கம் துள்ளும், மழையில் பிடிப்பு குறையும். தினமும் லோடு ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் மாற்றுவது நடக்காது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் லோடுக்கு ஏற்ற எண்ணையே வைத்துக்கொண்டு, காலி வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். காலி வண்டிக்கான குறைந்த காற்றோடு லோடு ஏற்றுவதுதான் ஆபத்து.

இன்னொன்று: பெரிய டயர் போட்டதால் வண்டியின் லோடு அளவு கூடிவிடாது. ஆக்சில், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன.

காற்று குறைவாக ஓடிய டயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியே இரண்டு தோளும் தேய்ந்திருக்கும். ஆனால் உண்மையான சேதம் உள்ளே. பங்க்சர் போட டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போது நின்று பாருங்கள். குறைந்த காற்றில் ஓடிய டயருக்குள் கறுப்பு மாவுபோல ரப்பர் தூள் கிடக்கும், கையில் ஒட்டும். பக்கச் சுவரின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் சுற்றிலும் ஒரு வளையம் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அந்த இடத்தில் சுவர் மடங்கி மடங்கி நைந்துவிட்டது. மேலே பட்டன் புதுசாகவே இருந்தாலும் அந்த டயருக்குப் பங்க்சர் போட்டு மறுபடி ஓட்டக் கூடாது. மனசு வராது, ஆனாலும் தூக்கிப் போடுங்கள். வேகமாகப் போகும்போது வெடிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட டயர்தான்.

தொப்பூர் கணவாய் இறக்கத்துக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

காற்றை மாற்ற வேண்டாம், சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் நீண்ட இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்குள்ளும் போகிறது. ஏற்கெனவே காற்று குறைந்து நெளிந்து சூடான டயரில் அதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய டயர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 215-இலிருந்து 235-க்குப் போன நம் உதாரணத்தில் டயரின் விட்டம் 703 மில்லிமீட்டரிலிருந்து 733 ஆகிறது, நாலு சதவீதம் கூடுதல். அதே கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலு அந்த அளவுக்குக் குறைகிறது, பிரேக்குக்கு வேலை கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட உண்மையான வேகமும் அதே அளவு கூடுதல். முன்பு எந்த கியரில் இறங்கினீர்களோ அதற்கு ஒரு கியர் குறைவாக வைத்து இறங்குங்கள்.

வத்தல்மலை, அஞ்செட்டி பக்கம் போகும்போது காற்றை இறக்க வேண்டுமா?

தார் ரோடு இருக்கிற மலைப்பாதையில் இறக்கவே கூடாது. கொண்டை ஊசி வளைவில் காற்று குறைந்த உயரமான டயர் பக்கவாட்டில் நெளியும். வண்டி ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்பும்.

மணலிலோ, மழைக்குப் பின் சேறான காட்டுவழியிலோ, கல் நிறைந்த தோட்டத்துப் பாதையிலோ இறக்கினால் பலன் உண்டு. டயர் நீளவாக்கில் பரவிப் படிவதால் புதையாமல் ஏறும். கல்பாதைக்கு 22 முதல் 25, மணலுக்கு 18 வரை போதும். 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிட வாய்ப்பு அதிகம். வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது, லோடு இருக்கக் கூடாது. தார் ரோட்டைத் தொட்டதும் அங்கேயே நிறுத்திக் காற்றை ஏற்ற வேண்டும். அடுத்த ஊரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். 12 வோல்ட் காற்று பம்ப் கையில் இல்லையென்றால் இறக்கவே வேண்டாம். பெரிய டயரை நிரப்பச் சின்ன பம்புக்கு நேரம் ஆகும், நடுவில் பம்பை ஆறவிட்டு இயக்குங்கள்.

நைட்ரஜன் போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இருக்காதா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இருக்காது என்பது ஒரு நன்மை. சூட்டுக்கு அழுத்தம் ஏறுவதும் குளிருக்கு இறங்குவதும் அதிலும் உண்டு. இலவசமாகக் கிடைத்தால் போடுங்கள்.

காற்று சரியாக வைத்தும் நடுவில் மட்டும் தேய்கிறது. ஏன்?

ரிம்மைப் பாருங்கள். பழைய குறுகிய ரிம்மிலேயே அகலமான டயரை மாட்டியிருந்தால் இரண்டு விளிம்பும் உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பகுதி புடைத்து நிற்கும். எந்தக் காற்றை வைத்தாலும் அது முழுக்கச் சரியாகாது. 235/75 ஆர்15-க்கு ரிம் அகலம் குறைந்தது 6 அங்குலமாவது வேண்டும். ரிம்மில் 6ஜே, 6.5ஜே என்று பொறித்திருக்கும். டயர் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், அது போதாதா?

அது பழைய டயரின் எண்ணுக்கு அமைக்கப்பட்டது. எல்டி டயருக்கு 40 வேண்டிய இடத்தில் 30-க்கு இறங்கினால்கூட அது வாய் திறக்காது. ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள், அதே சைஸில், பின் டயருக்கான அழுத்தத்துக்கு மேல் இரண்டு, மூன்று கூட்டியே வையுங்கள்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ் பக்கம் சிக்கல் வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே மாடலின் வேறு வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் சைஸுக்கு மாறினால் சிக்கல் குறைவு. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் இதெல்லாம் வேறு கதை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்த எண்ணை எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்?

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொலைதூரப் பயணத்துக்கு முன் கட்டாயம். காலி வண்டிக்கு முன், பின் எவ்வளவு, லோடோடு முன், பின் எவ்வளவு என்று நான்கு எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி, கதவோர ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். வண்டியை வேறு யாராவது எடுத்துப்போனாலும் பங்க்கில் காற்று அடிப்பவருக்கு அதைக் காட்டலாம். டயர் மாற்றினால், சைஸ் அதே என்றாலும், வகையும் லோடு இன்டெக்ஸும் பார்த்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.